சத்தத்தை அடக்கும் ஹெட்போன்: பத்து மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

வாங்கிய மறுநாளே எழுதும் விமர்சனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் புதுப்பொருளும் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அதனால் பத்து மாதம் பொறுத்திருந்தேன். நான் வாங்கியது காதை முழுதாக மூடும் ப்ளூடூத் ஹெட்போன், வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி உள்ளது, அதாவது எல்லோரும் நாய்ஸ் கேன்சலிங் என்று சொல்கிறார்களே, அது. கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் பெரும்பாலும் இந்த வகைக்கே பொதுவானவை, நீங்கள் எந்தக் கம்பெனியின் பெட்டியைக் கையில் எடுத்தாலும் இதைப் படித்துவிட்டு எடுக்கலாம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒரு ஹெட்போனுக்கு ஏன் இவ்வளவு நீளம் என்று தோன்றும். எனக்கு 24 வயது. வேலைக்காகப் பெருநகரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு ரூம்மேட். காலையில் முக்கால் மணி நேரம் ரயில், மாலையில் முக்கால் மணி நேரம் ரயில். அலுவலகம் தடுப்பே இல்லாத ஒரு பெரிய கூடம், ஒரே நேரத்தில் முப்பது பேராவது போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்க மனிதர்கள் நடுவிலேயே இருந்துவிட்டு, யாரிடமும் மனம் விட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப்போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. தனியாக இருக்க ஒரு மூலையும் கிடைக்காது, துணை என்று சொல்லிக்கொள்ள ஆளும் கிடைக்காது, இரண்டும் ஒரே நாளில் நடக்கும். அந்த நாட்களில் எனக்கு இருந்தது பாட்டு மட்டும்தான்.

இதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரு சாதாரண ஒயர் இயர்போன். கல்லூரி நாளிலிருந்து கூடவே வந்தது, அதன் மேல் இன்றும் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் ரயிலில் அதைப் போட்டுக்கொண்டு பாட்டு கேட்பது ஒரு போராட்டமாகவே இருந்தது. பெட்டி ஓடும் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டுவேன், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இன்னும் கூட்டுவேன், இறங்கும்போது குறைக்க மறந்துவிடுவேன். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து இயர்போனைக் கழற்றிய பிறகும் காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம் நிற்காமல் இருந்தது. இரவு முழுக்க இருந்தது. பயந்துபோனேன். மறுநாள் போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தால், ரயில் பெட்டிக்குள் 82, 84 டெசிபல் என்று காட்டியது. போன் செயலி துல்லியமான கருவி இல்லைதான், ஆனாலும் அதற்கு மேலே பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் நான் 90-ஐ நெருங்கியிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். பத்தே டெசிபல் வித்தியாசத்தில் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, ஏனென்றால் டெசிபல் நாம் சாதாரணமாகக் கூட்டுவது போலக் கூடுவதில்லை, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காதில் விழும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனக்கு ரயிலில் மட்டும் வாரத்துக்கு ஏழரை மணி நேரம். உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், ஆனால் அந்த ரீங்காரம் கேட்ட இரவில்தான் அது என் காதைப் பற்றிய செய்தி என்று உறைத்தது. சரி, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு மாதம் மிச்சம் பிடித்து வாங்கினேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெட்போனின் வெளிப்புறத்தில் சின்னச் சின்ன மைக்குகள் இருக்கும். அவை வெளியே இருக்கும் சத்தத்தைக் கேட்டு உள்ளே இருக்கும் சில்லுக்கு அனுப்பும், அது அந்த அலையை அப்படியே தலைகீழாகப் புரட்டி ஸ்பீக்கர் வழியாக விடும். மேடும் பள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இரண்டும் தணிந்துவிடும். யோசனை பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1936-இல். ஆனால் ஒலியைக் கேட்டு, கணக்குப் போட்டு, எதிர் அலையை உடனே உண்டாக்கும் அளவுக்கு மின்னணுவியல் வளர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் அமர் போஸ் 1978-இல் ஒரு விமானப் பயணத்தில், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி இசை கேட்க முடியாமல், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கியவர். அவருடைய கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓடும் வண்டியில் பாட்டு கேட்க முடியவில்லை என்ற அதே எரிச்சலில் தொடங்கியது என்று படித்தபோது எனக்கு மனதுக்கு நெருக்கமாக இருந்தது.

இந்த வித்தை கீழ்ச்சுருதிச் சத்தத்தில்தான் பலிக்கும். எஞ்சின், மின்விசிறி, ஏசி, ரயில் ஓடும் உறுமல், இவையெல்லாம் ஒரே சீராக இருப்பவை, அலையும் நீளமானது. 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நூறு முறை அதிரும் ஒலியின் ஓர் அலை காற்றில் மூன்றரை மீட்டர் அளவுக்கு நீளும், அதைத் துரத்திப் பிடித்துப் புரட்ட நேரம் இருக்கிறது. 5,000 ஹெர்ட்ஸ் என்றால் அலை ஏழு சென்டிமீட்டர்தான், அதற்குள் எதிர் அலை துளி பிசகினாலும் பயனில்லை. அதனால் ஹாரன், பாத்திரம் விழும் சத்தம், குழந்தை அழுகை, பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சு, இவையெல்லாம் மங்கலாக உள்ளே வரும். அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றி இருக்கும் குஷன்தான், சில்லு இல்லை. வாங்கிய பலர் பேச்சுச் சத்தம் கேட்கிறதே என்று பொருளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பொருளில் பழுது இல்லை, அது அப்படித்தான்.

முதல் நாள் ரயிலில் போட்டு பட்டனை அழுத்தியதும் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. தரையிலிருந்து கால் வழியாக ஏறும் அந்த உறுமல் காதிலிருந்து மட்டும் விலகிப்போனது. அதிர்வு காலில் இருந்தது, காதில் இல்லை. முதல் சில நிமிடம் காது அடைத்த மாதிரி, உயரமான கட்டடத்தில் லிஃப்ட் வேகமாக ஏறும்போது வருமே, அந்த மாதிரி ஓர் அழுத்தம் தோன்றியது. உண்மையில் அங்கே அழுத்தம் எதுவும் கூடுவதில்லை, கீழ்ச்சுருதி திடீரென்று காணாமல் போவதை மூளை அப்படிப் புரிந்துகொள்கிறது என்கிறார்கள். எனக்கு நாலைந்து நாளில் பழகிவிட்டது. என் தோழி ஒருத்திக்குப் பழகவே இல்லை, தலைவலி வந்து விட்டுவிட்டாள். வாங்குவதற்கு முன் கடையிலோ நண்பரிடமோ வாங்கி அரை மணி நேரமாவது போட்டுப் பாருங்கள்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஹெட்போன் வந்த பிறகு என் ரசனை மாறியது. இல்லை, அப்படிச் சொல்வதும் சரியில்லை. என் ரசனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என்னுடையதே இல்லை என்று தெரிந்தது. நகரத்துக்கு வந்த முதல் வருடத்தில் நான் கேட்டதெல்லாம் ஹிப்ஹாப், எலக்ட்ரானிக், கனமான ராக், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே உரத்தில் அடிக்கும் பாட்டுகள். எனக்கு இதுதான் பிடிக்கிறது, வேகமான ஊருக்கு வந்திருக்கிறேன், வேகமான பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று நம்பினேன். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஹெட்போன் வாங்கிய இரண்டாவது வாரம், எப்போதோ சேர்த்து வைத்து கேட்காமல் விட்ட ஒரு பியானோ தொகுப்பு தானாக ஓடியது. பியானோ, பேஸ் என்ற கம்பி வாத்தியம், டிரம்ஸ் மூன்று மட்டும், டிரம்ஸைக் கோலால் அடிக்காமல் கம்பித் துடைப்பம் போன்ற பிரஷ்ஷால் வருடுகிறார்கள். அந்த வருடல் சத்தம் எனக்குக் கேட்டது. வாசிப்பவர் அடுத்த கட்டைக்குப் போகும் முன் விடும் இடைவெளி கேட்டது. பழைய இயர்போனில் இதே தொகுப்பை ஒருமுறை ரயிலில் போட்டு, ஒன்றுமே இல்லை, போர் அடிக்கிறது என்று நிறுத்தியது ஞாபகம் வந்தது. போர் அடிக்கவில்லை. எனக்கு அது காதில் விழவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஒரு பாட்டில் மெல்லிய இடமும் உரத்த இடமும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அதன் மூச்சு. சுற்றிலும் 80 டெசிபல் சத்தம் இருந்தால் மெல்லிய இடமெல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். மூழ்காமல் மிஞ்சுவது எல்லா இடமும் உரமாக இருக்கும்படி நசுக்கிப் பதிவு செய்த பாட்டு மட்டும்தான். 1990-களிலிருந்து ஒலிப்பதிவுகளை இப்படி மேலும் மேலும் உரக்கச் செய்யும் போட்டியே நடந்தது, ஒலித்துறையில் அதற்கு லவுட்னஸ் வார் என்று பெயர். ஆக, ஒரு வருடமாக என் பாட்டைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, ரயில். ரயிலை எது ஜெயிக்கிறதோ அதைத்தான் நான் விரும்பியிருக்கிறேன். அந்தப் பாட்டுகள் மோசம் என்று சொல்லவில்லை, இப்போதும் காலையில் அவசரமாகக் கிளம்பும்போது அவைதான் வேண்டும். ஆனால் இப்போது அது நான் எடுக்கும் முடிவு.

அதன் பிறகு ஒரு பசி வந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் விழும் அடி எப்படி அடங்கிப்போகிறது, வீணைக் கம்பியை இழுத்துவிட்டபின் ஒலி எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறது, பாடுகிறவர் வரிக்கு முன் எங்கே மூச்சு எடுக்கிறார், இதையெல்லாம் கேட்கத் தொடங்கினேன். சின்ன வயதில் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்த, நான் கவனிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த இசையெல்லாம் இப்போது ரயிலில் என் கூட வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கொடுத்த காசு எனக்குச் செரித்துவிட்டது.

ஒலித் தரம் பற்றி. பெட்டியிலிருந்து எடுத்தபடி கேட்டால் பேஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலி, அதிகம், குரல் கொஞ்சம் பின்னால் போய் நிற்கும். இதற்கான போன் செயலியில் ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் இருக்கிறது, கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் இறக்கி நடுப்பகுதியை ஒரு புள்ளி ஏற்றினேன், குரல் முன்னால் வந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது பேஸ் தானாகவே குறைந்ததுபோல் இருக்கும். அது ஹெட்போனின் தவறில்லை, மனிதக் காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள், மெல்லிய ஒலியில் கீழ்ச்சுருதி நமக்குச் சரியாகக் கேட்காது. அதனால் இரவில் மெதுவாகக் கேட்பதற்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என இரண்டு அமைப்பு சேமித்து வைத்திருக்கிறேன். இரவு அமைப்பில் பேஸை இறக்குவதில்லை.

ப்ளூடூத்தில் தரம் குறையும் என்று பலர் சொல்வார்கள். குறைகிறது, உண்மைதான். சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல், ஒலியைச் சுருக்கி அனுப்பும் சாதாரண எஸ்பிசி முறையில் ப்ளூடூத் அனுப்புவது 328 சொச்சம். ஆனால் ஓடும் ரயிலில் உட்கார்ந்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அறையில் நள்ளிரவில் ஒயர் மாட்டிக் கேட்டபோது சில பாட்டுகளில் கண்டுபிடித்தேன், தாளத்தட்டின் கடைசிச் சிலிர்ப்பு கொஞ்சம் தெளிவாக இருந்தது. இதற்காக மட்டும் விலை உயர்ந்த மாடலுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. வீடியோ பார்க்கும்போது உதடும் ஒலியும் பொருந்துகிறது, விளையாட்டுகளில் மட்டும் சத்தம் கொஞ்சம் தாமதமாக வருகிறது.

மனநிலை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை என்று ஒன்று இருக்கிறது. வாரம் முழுக்க ஓடும்போது தெரியாமல் இருந்ததெல்லாம் அன்று ஐந்து மணிக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊர் ஞாபகம் வரும், என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று வரும், யாரோ ஒருவருக்கு அனுப்பி பதில் வராத செய்தி ஞாபகம் வரும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் உற்சாகமான பாட்டைப் போட்டு மனதைத் தூக்கிவிடப் பார்ப்பேன். அழும் மனதுக்குக் குத்துப்பாட்டு போட்டால் அது வேறு யாரோ வீட்டுக் கல்யாணம் போலத்தான் கேட்கும். இசைச் சிகிச்சையில் ஐசோ பிரின்சிபிள் என்று ஒன்று உண்டு, ஆல்ட்ஷூலர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1940-களில் எழுதியது: முதலில் ஒருவரின் மனநிலை எப்படி இருக்கிறதோ அதே மாதிரியான இசையில் தொடங்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேண்டிய பக்கம் நகர்த்து. இதைப் படித்துவிட்டு ஏழு பாட்டு கொண்ட ஒரு பட்டியல் செய்தேன். முதல் இரண்டு குரலும் ஒரே ஒரு கருவியும், மெதுவாக, சோகமாக. மூன்றாவதில் லேசாகத் தாளம் வரும். ஐந்தாவதில் கோரஸ். ஏழாவது பாட்டுக்கு எழுந்து துணி மடிக்கத் தொடங்கிவிடுவேன். ஒவ்வொரு வாரமும் வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன், செய்யும் வாரங்கள் அதிகம். சில வாரம் மூன்றாவது பாட்டிலேயே நின்றுவிடும், அப்போது ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்வேன்.

போன் என்றதும் சொல்ல வேண்டும், பேசுவதற்கு இது சுமார்தான். அறைக்குள் பரவாயில்லை. தெருவில் காற்றடித்தால் மைக்குக்குள் இரைச்சல் புகுந்துவிடுகிறது. "என்னம்மா, கிணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி கேக்குது" என்றாள் அம்மா. இப்போது அம்மாவிடம் பேசும்போது போனைத்தான் காதில் வைக்கிறேன்.

அணிவது எப்படி இருக்கிறது என்றால், எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டு மணி நேரம் வரை தலையில் இருப்பதே தெரியாது, அதற்கு மேல் உச்சியில் ஒரு புள்ளி வலிக்கும். வெயில் காலத்தில் காது வேர்த்துவிடுகிறது, தவிர்க்க முடியாது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடிக் கம்பி குஷனுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும், அந்த இடைவெளி வழியாகச் சத்தம் புகும், பேஸும் ஒழுகிப்போகும். கம்பி மெல்லியதாக இருந்தால் சமாளிக்கலாம்.

சாலையில் நடக்கும்போது இதைப் போட்டு அடக்கும் வசதியை ஓட விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் நிலையத்திலிருந்து அறைக்கு நடக்கும் பத்து நிமிடமும் நான் ஹெட்போனைக் கழுத்தில்தான் போட்டுக்கொள்கிறேன். பின்னால் வரும் காலடிச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் டிரான்ஸ்பரன்சி மோடு இருக்கிறது, நிலையத்தில் அறிவிப்பு கேட்க அது நன்றாக உதவுகிறது, ஆனால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் எனக்கு அது போதுமான தெளிவு தரவில்லை.

நாலாவது மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அலுவலகத்தில் ரொம்ப மோசம், அறைக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து ஹெட்போனைப் போட்டுக்கொண்டேன். அப்போதெல்லாம் அது எனக்கு ஒரு கதவு மாதிரி ஆகியிருந்தது. நான் அதைப் போட்டிருந்தால் பேசாதே என்று அர்த்தம், ரூம்மேட்டும் புரிந்துகொண்டு பேச மாட்டாள். பேச்சை இது முழுதாக அடக்காது என்று மேலே சொன்னேன், ஆனால் கூடவே பாட்டும் ஓடினால் ஒரு பலவீனமான குரல் உள்ளே வரவே வராது. பதினோரு மணி வாக்கில் ஏதோ அசைவு தெரிந்து திரும்பினேன். அவள் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. தண்ணீர் எடுக்க எழுந்தவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. "எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எட்டடி தூரத்தில் இருந்திருக்கிறேன். அன்று இரவு அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்து, விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஹெட்போன் எங்கே கிடந்தது என்றே எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் தேறிவிட்டாள். அவள் அதை மறுபடி பேசவில்லை. எனக்குத்தான் அந்த ஒரு வாக்கியம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதிலிருந்து அறையில் அடக்கும் வசதியைப் போடுவதில்லை. அவள் இருக்கும்போது ஒரு காதை வெளியே விட்டுத்தான் கேட்கிறேன். இந்தச் செயலியில் ஒரு நல்ல வசதி, எந்த இடத்தில் எந்த மோடு என்று பதிந்துவைக்கலாம், அறைக்குள் நுழைந்ததும் தானாக டிரான்ஸ்பரன்சிக்கு மாறிவிடும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. நீங்கள் யாருடனாவது சேர்ந்து வசிக்கிறீர்கள் என்றால் பாருங்கள்.

அப்புறம், ஒயர் துளை. சோனி கம்பெனி 1979 ஜூலை 1 அன்று கையடக்க கேசட் பிளேயரான முதல் வாக்மேனை விற்பனைக்கு விட்டது. தெருவில் நடந்துகொண்டே தனியாகப் பாட்டு கேட்கும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். ஆனால் அந்த முதல் மாடலில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் இருந்தன. ஹாட்லைன் என்று ஒரு ஆரஞ்சு நிறப் பட்டனும் உண்டு, அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணியும், உள்ளே இருக்கும் மைக் வழியாகக் கேட்கும் இருவரும் பேசிக்கொள்ளலாம். தனியாகக் கேட்பதற்கென்றே செய்த ஒரு பொருளில், முதல் நாளிலேயே இன்னொருவருக்கு இடம் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டனை எடுத்துவிட்டார்கள். இதைப் படித்த அன்றே ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஒயர் ஒன்று வாங்கினேன். என் இப்போதைய போனில் 3.5 மி.மீ. துளை இல்லை, டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. ஹெட்போனில் துளை இருந்தது, அதிர்ஷ்டம்.

இப்போது சனிக்கிழமை இரவு பெரும்பாலும் அப்படித்தான். நான் ஹெட்போனை ஒயரில் மாட்டிக்கொள்வேன், என் பழைய கல்லூரி இயர்போனை அவள் போட்டுக்கொள்வாள். ஒயரில் பவர் இல்லாமல் ஓட்டினால் இதன் ஒலி கொஞ்சம் மங்கும், பேஸ் இளைத்துப்போகும், ஏனென்றால் திருத்தம் செய்யும் சில்லு தூங்கிக்கொண்டிருக்கும். ஒலியைப் பகிர்வதால் அளவும் சற்றுக் குறையும். மின்விசிறிச் சத்தம் உள்ளே வரும். ஒரு பாட்டு என் தேர்வு, அடுத்தது அவள் தேர்வு. அவள் அப்பா ரேடியோவில் கேட்டு வளர்ந்த பாட்டுகளை அவள் வைப்பாள், நான் தனியாக இருந்தால் பத்து நொடியில் தள்ளிவிட்டிருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சன்னமாக முணுமுணுப்பதால் முழுதாகக் கேட்கிறேன். என் பிரஷ் டிரம்ஸ் பியானோவை அவள் முதல் தடவை கேட்டுவிட்டு "மழை பெய்ற மாதிரி இருக்கு, இன்னொரு தடவை போடு" என்றாள்.

தாங்குமா என்றால், பேட்டரி நன்றாக இருக்கிறது, இன்னும் நாலு நாளுக்கு ஒருமுறைதான் சார்ஜ் போடுகிறேன். குஷன்தான் பிரச்சினை. தோல் போல இருப்பது தோல் இல்லை, பாலியூரித்தேன் பூச்சு, வியர்வையும் ஈரமும் பட்டுப்பட்டு எட்டாவது மாதமே உரியத் தொடங்கிவிட்டது, காதோரம் கறுப்புத் துணுக்குகள் ஒட்டுகின்றன. குஷன் கெட்டால் சத்தம் தடுப்பதும் கெடும், பேஸும் போகும். வாரன்டியில் இது வராது என்று சேவை மையத்தில் சொல்லிவிட்டார்கள், ஒரு வருடத்துக்குள் உரியும் பாகத்தைத் தேய்மானம் என்று கைகழுவுவது நியாயமாகத் தோன்றவில்லை, அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். திருகாணி இல்லாமல் கையால் கழற்றி மாட்டக்கூடிய குஷன் உள்ள மாடலாக வாங்குங்கள். தனியாகக் குஷன் விற்கிறார்களா என்று முன்பே தேடிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், நான் அதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்கள், சத்தமான அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், தயங்காமல் வாங்கலாம். ஒலியைக் குறைத்தே எல்லாம் கேட்கிறது, பத்து மாதத்தில் அந்த ரீங்காரம் ஒருமுறைகூட எனக்குத் திரும்பி வரவில்லை. அமைதியான வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம், அதே பணத்துக்கு நல்ல ஒயர் ஹெட்போன் இதைவிட நன்றாக ஒலிக்கும்.

என் ரூம்மேட்டும் அடுத்த மாதம் ஒன்று வாங்கப்போகிறாள். நேற்று இரண்டு மாடல்களைப் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்லது என்று கேட்டாள். எடை, பேட்டரி, விமர்சனம் எல்லாம் அவளே பார்த்து வைத்திருந்தாள். நான் படத்தைப் பெரிதாக்கி அடிப்பக்கத்தில் ஒயர் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஒன்றில் இருந்தது. அதையே எடுக்கச் சொன்னேன்.